மறுநாட் காலையின் தீர்ப்பு

பினாங்குப் பாலத்தின்மேல் ஒரு மனிதன் தன் இரண்டு கால்களை மட்டும் நம்பி நடந்து போவது அனுமதிக்கப்படாத காரியம். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட நாள் முதலாக, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ளதும் அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மீதே கிடப்பதுமான அந்தப் பாலம், கார்களுக்கும் லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் உரிய பாதையாகவே இருந்து வருகிறது. அதற்கு முன்பு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, காற்று வாங்கிக்கொண்டு, ஜார்ஜ் டவுன் மெல்ல நெருங்கி வருவதைப் பார்த்தபடியே வந்து இறங்கிய தலைமுறையினரில் பலர், பாலம் வந்த பிறகு அதே கடலைக் கார்க் கண்ணாடி வழியாகக் கண்டும் காணாமலும் கடந்து போகப் பழகிக்கொண்டார்கள். ஆனால் ஆண்டில் ஓர் இரவு மட்டும், ஊர் அடங்கிய நடுச்சாமத்துக்குப் பிறகு, அந்த விதி தளர்கிறது. பாயான் லெப்பாஸ் பக்கம் குவீன்ஸ்பேயில் ஆயிரக்கணக்கானோர் கூடி, விளக்கு வெளிச்சத்தில் காலை உதறிக்கொண்டும் கைகளைச் சுழற்றிக்கொண்டும் நின்று, துப்பாக்கி ஒலித்ததும் பாலத்தை நோக்கி ஓடத் தொடங்குகிறார்கள். வெயில் ஏறினால் இந்தத் தீவில் யாரும் நெடுந்தூரம் ஓட முடியாது. காற்றிலுள்ள ஈரம் வியர்வையை உலரவிடாது. உலராத வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க இயலாது. ஆகவே இங்கே மாரத்தான் என்பது இரவில் நடைபெறும் உற்சவமாக அமைந்துவிட்டது.

நான் அந்த உற்சவத்தில் பாதித் தூரக்காரன். அரை மாரத்தானின் தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 21 கிலோமீட்டரோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குமேல் 97 மீட்டரும் அரையும் எதற்காக? 1908-இல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, விண்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி ஓட்டத்தை வகுத்தார்கள். அன்று அமைந்த 42.195 கிலோமீட்டரே 1921-இல் உலகத்துக்கெல்லாம் பொது அளவாக நிலைபெற்றது. அதில் சரிபாதிதான் நாங்கள் ஓடுவது. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி நாட்டியபோது தொடங்கிய ஆங்கிலேயர் ஆட்சி போய் எத்தனையோ காலமாகியும், அந்த அரச குடும்பத்தின் சௌகரியத்துக்காக நீட்டப்பட்ட சில மீட்டர்களை, குவீன்ஸ்பே வாசலில், நாக்கு வறண்டு, இன்னமும் நாங்கள் ஓடித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. இந்தக் கட்டுரை ஓட்டத்தைப் பற்றியதன்று. ஓட்டத்தை விட்டவன் மறுபடியும் அதனிடம் திரும்பிச் செல்வதைப் பற்றியது. அறுபதைத் தொட்டுவிட்ட எனக்கு, சில வருஷங்களுக்கு முன் இடது குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கிற அந்தத் தடித்த நாணில், ஒரு வலி வந்து குடியேறியது. விழுந்து எழுந்ததனால் வந்த காயமாக இருந்தால் அதற்கு ஒரு நாளும் நேரமும் சொல்லலாம்; கேட்பவர்களுக்கும் ஒரு கதை கிடைக்கும். இது அப்படி வரவில்லை. முதலில் காலையில் எழுந்தவுடன் ஒரு பிடிப்பு. பத்தடி நடந்தால் அது மறைந்துவிடும். பின்னர் ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரில் ஒரு நெருடல். அதுவும் உடம்பு சூடேறியவுடன் அடங்கிவிடும். பிறகு ஒரு காலகட்டத்தில் மாடிப்படி இறங்குவதே பிரயாசையாகி, கோயிலில் பிரதட்சணம் வரும்போதுகூட ஒரு காலைச் சாய்த்து வைக்கும் நிலை வந்து சேர்ந்தது. மகாபாரதத்தின் முடிவில், ஜரா என்னும் வேடன் மரத்தடியில் சயனித்திருந்த கண்ணனின் பாதத்தை மானென்று எண்ணி அம்பெய்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். யவனர்களும் தங்கள் மகாவீரன் ஒருவனுக்கு மரணத்தைக் குதிகாலில்தான் வைத்தார்கள். உடம்பு முழுவதையும் தாங்குகிற இடம் எத்தனை எளிதில் ஏமாற்றும் என்பதை இரண்டு தேசத்துக் கதைசொல்லிகளும் அறிந்திருந்தார்கள் போலும்.

பினாங்கில் ஒருவன் நொண்டி நடந்தால் மூன்று ஜாதி வைத்தியம் அவனைத் தேடி வரும். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் மலாய்ப் பெரியவர், கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், உருவிவிடுகிற ஒரு மாதரசியின் கைராசியை விவரித்து, மூன்று முறை போனால் போதும், நான்காம் முறை அவளுக்கு நன்றி சொல்லத்தான் போக வேண்டியிருக்கும் என்று உறுதி கூறினார். காலையில் என்னோடு நடக்கிற சீன நண்பர், சூலியா தெருவுக்கு அப்பால் ஒரு சந்தில், கறுத்த மருந்துச் சாற்றில் துணியை நனைத்துக் கட்டுகிற எலும்பு வைத்தியரிடம் என்னை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனார்; அந்த மருந்தின் நெடி மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை, வலியும் போகவில்லை. நம்மவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வியாதிக்கும் கோடாலித் தைலத்தையே முதல் மருந்தாகவும் கடைசி மருந்தாகவும் கொள்பவர்கள் நாம். லிட்டில் இந்தியாவின் கடை ஒன்றில் மளிகை வாங்க நின்ற என்னிடம், முன்பின் அறியாத ஓர் ஆச்சி, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கும் பக்குவத்தை, எத்தனை இலை, எத்தனை நேரம் என்ற கணக்கோடு உபதேசித்துவிட்டுப் போனார். இவர்களில் ஒருவரையும் நான் பரிகசிக்கவில்லை. ஒரு மனிதனின் கால்வலியைக் கண்டு மூன்று பாஷைகளில் அக்கறை கொள்கிற ஊர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இவர்கள் அனைவரும், தங்களுக்குள் வேறு எதில் முரண்பட்டாலும், ஒரே ஒரு விஷயத்தில் ஏகமனதாக இருந்தார்கள்: காலுக்கு ஓய்வு கொடு, அசைக்காதே என்பதுதான் அது.

ஓய்வு கொடுத்தேன். ஓய்ந்திருந்தவரை வலி இல்லை; ஓட எழுந்தவுடன் அது எழுந்தது.

அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கிற ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். நம்மூர்ப் பிள்ளைகளின் வழக்கப்படி என்னை ‘அங்கிள்’ என்று அழைத்தாள். காலைப் பிடித்துப் பார்த்து, நாணின் தடிப்பை விரலால் அளந்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, பிறகு மாடிப்படியின் விளிம்பில் முன்னங்காலை மட்டும் ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். “வலிக்கிறதே அம்மா” என்றேன். “கொஞ்சம் வலிக்கலாம் அங்கிள், பரவாயில்லை” என்றாள். வலிக்கிற காலுக்கே மேலும் பாரம் ஏற்றுவதுதான் மருந்து என்பதை என் புத்தி ஒப்புக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன.

இந்த மருந்து பிறந்த கதை சுவாரசியமானது. சுவீடன் தேசத்தில் உமெயோ நகரத்து எலும்பு வைத்தியரான ஹோகான் ஆல்ஃபிரட்ஸன் என்பவர் தாமே ஓடுகிறவர். இதே குதிகால் வலியால் அவதிப்பட்டவர். தமக்குச் சஸ்திர சிகிச்சை செய்யும்படி அவர் தம் மேலதிகாரியைக் கேட்க, ஆளில்லாத மருத்துவமனையில் அவரை வாரக்கணக்கில் படுக்கையில் விடச் சம்மதமில்லாத மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நாண் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தில், அதை அறுத்துவிடும் உத்தேசத்தோடு இவர் குதிகாலின்மேல் பாரத்தை ஏற்றி ஏற்றி இறக்க, அது அறுவதற்குப் பதிலாகக் குணமாகிவிட்டது. 1998-இல் அவரும் சகாக்களும் ஓட்டக்காரர் 15 பேரைக் கொண்டு இதைப் பரீட்சித்தார்கள்: முழங்காலை நீட்டி 15 முறையாக மூன்று சுற்று, முழங்காலை மடக்கி அதேபோல் மூன்று சுற்று, காலையும் மாலையும், வாரத்தில் ஏழு நாளும், 12 வாரங்கள். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 180 முறை. பதினைந்து பேரும் மறுபடி ஓடப் போனார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அத்தனை முழுமையான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், கெடுக்க நினைத்துச் செய்த காரியம் வைத்தியமாகி, உலகம் முழுவதும் மாடிப்படி விளிம்புகளில் குதிகால்களை இறக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெருங்கூட்டத்தை உண்டாக்கிவிட்டது. அக்கூட்டத்தில் ஒருவனாக, அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, போவோர் வருவோருக்கு வழிவிட்டபடி நானும் நின்றேன்.

படிக்கட்டுப் பயிற்சியைவிட என்னை அதிகமாகப் பாதித்தது அந்தப் பெண் கற்பித்த இன்னொரு பாடம். இரண்டாம் முறை சென்றபோது, நேற்று மெதுவாக இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், சிறிதும் வலி இல்லை என்று பெருமையோடு சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தாமலே, “ஓடும்போது வலிக்கலைன்னு சொல்லாதீங்க அங்கிள். இன்னைக்குக் காலையில கட்டில்லேருந்து இறங்கி முதல் அடி வச்சீங்களே, அது எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இது எத்தனை விசித்திரமான நியாயம்! நெருப்பில் விரல் பட்டால் அந்தக் கணமே சுடுகிறது. முள் குத்தினால் உடனே தெரிகிறது. செயலும் பலனும் அடுத்தடுத்து நிற்பதுதான் நமக்குப் பழக்கமான பிரபஞ்சம். தசைநாண் அந்த நியதிக்குக் கட்டுப்படுவதில்லை. ஓடும்போது உடம்பின் எடையைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட இழுவையை ஒவ்வொரு அடியிலும் ஏற்றுக்கொள்கிற அது, ஏற்கும் நேரத்தில் மௌனமாக இருக்கிறது. சூடேறிய பின் இன்னும் மௌனமாகிறது. இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலையில், நாம் உறக்கம் கலைந்து தரையில் பாதம் பதிக்கிற முதல் அடியில், தன் தீர்ப்பைச் சொல்கிறது. இன்றைய சுகம் இன்றைய ஓட்டத்துக்குச் சாட்சி ஆகாது. ஆகவே காயத்திலிருந்து திரும்புகிற ஓட்டக்காரனுக்கு மிகுந்த ஆபத்தான நாள் வலிக்கிற நாளன்று, வலிக்காத நாள்தான். அன்று காற்று இதமாக இருக்கும். மூச்சு சீராக வரும். கால் தானாகவே போவதாகத் தோன்றும். இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று மனம் ஆசை காட்டும். மூச்சு சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, இருதயமும் அப்படியே. நாணோ மாதக்கணக்கில் நேரம் கேட்கிறது. அதற்கு ரத்த ஓட்டமே குறைவு. வேகமாகத் தேறுகிற உறுப்பின் பேச்சைக் கேட்டு, மெதுவாகத் தேறுகிற உறுப்பைப் பணயம் வைத்துவிடுகிறோம். திரும்பி வருபவன் தன் உடம்பிலுள்ள ஆகக் கடைசி உறுப்பின் வேகத்தில்தான் வர வேண்டும் என்பது, நான் எந்த உபந்நியாசத்திலும் கேட்டிராத, குதிகால் சொல்லி அறிந்துகொண்ட விஷயம்.

அந்த நாணைப் பற்றி மேலும் அறிந்துகொள்ளும் ஆவலில் படிக்கப் புகுந்தபோது, கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு முடிவு கண்ணில் பட்டு என்னைத் திடுக்கிடச் செய்தது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் ஆகாயவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால், காற்றில் ஒரு விதக் கரி அணு திடீரென்று பெருகி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்த அணு, உணவு வழியே அக்காலத்தில் வளர்ந்த எல்லா உயிர்களின் உடம்பிலும் புகுந்தது. உடம்பின் திசுக்கள் தேய்ந்து புதுப்பிக்கப்படுவன என்றால், வயதானவர்களிடம் அதன் அடையாளம் மறைந்து போயிருக்க வேண்டும். தசையில் அது மறைந்துதான் இருந்தது. குதிகால் நாணின் நடுப்பகுதியில் மறையவில்லை. பிறந்து 17 வருஷத்துக்குள் முறுக்கி முடித்த கயிற்றைத்தான் ஆயுள் முழுவதும் மனிதன் இழுத்துக்கொண்டிருக்கிறான். பிறகு அதற்குப் புது இழை சேர்வது இல்லை என்றே சொல்லலாம். தோலும் தசையும் எத்தனையோ முறை புதிதாகிவிட்ட இந்த அறுபது வயதுச் சரீரத்தில், குதிகாலுக்கு மேலே உள்ள அந்தச் சில அங்குல நீளம் மட்டும், ஆகாயத்தில் அந்தக் குண்டுச் சோதனைகள் ஓய்ந்த சமயத்தில் பிறந்து, செபராங் பிறைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு பையனுடையது. அன்று அவன் உண்ட சோற்றாலும், காலில் செருப்பில்லாமல் அவன் ஓடிய செம்மண்ணாலும் ஆனது.

அந்தத் தோட்டத்தை நினைத்தால் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. பால்மரம் வெட்டுகிறவள் அவள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, எங்களுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, கையில் விளக்கோடு பெரட்டுக் களத்துக்குப் போவாள். அங்கே வரிசையில் நின்று கங்காணிக்குப் பேர் கொடுத்த பிறகு, இருட்டோடு இருட்டாகத் தன் நிரைக்குப் போய், நானூறு ஐந்நூறு மரங்களை, ஒவ்வொன்றின் முன்னும் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி முடிப்பாள். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். ஆகையால் நடை என்பது பெயருக்குத்தான். மரத்துக்கு மரம் அது ஓட்டமே. பிறகு பால் எடுக்க இன்னொரு சுற்று. எடுத்த பாலை வாளிகளில் சுமந்து ஸ்டோருக்கு இன்னொரு நடை. மேடும் பள்ளமுமான நிலத்தில், அட்டை கடிக்க, ஈரத்தில் வழுக்க, இந்தத் தூரங்களைக் கூட்டி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை; முடிவில் கழுத்தில் பதக்கம் மாட்டவும் இல்லை.

அவளுக்கும் குதிகால் வலி இருந்தது. அதை நான் இத்தனை வருஷம் கழித்து, என் கால் வலித்த பிறகே, சரியாக நினைத்துப் பார்த்தேன். மாலையில் வாசல் திண்ணையில் அமர்ந்து, காய்ச்சிய நல்லெண்ணெயைக் குதிகாலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். பழைய சேலைக் கிழிசலை இறுக்கச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். காலையில் எழுந்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நொண்டுவாள். அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் நடை சீராகிவிடும். சிகிச்சை அளித்த பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு அம்மாவின் குதிகால் தினந்தோறும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்று பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. மறுநாட் காலையின் தீர்ப்பைக் கேட்டு அதன்படி நடப்பதற்கு, மறுநாள் தன்னுடையதாக இருக்க வேண்டும். அவளுக்கு அது சொந்தமாக இருக்கவில்லை.

ஓடுகிறவர்கள் கூடும் இடங்களில் மனஉறுதி, வைராக்கியம், வலியை வெல்வது என்றெல்லாம் முழங்குவதைக் கேட்கிறபோது எனக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. வலியைப் பொருட்படுத்தாமல் காலை எடுத்து வைப்பதே வீரம் என்றால், எங்கள் லயத்தில் நாற்பது வீட்டிலும் வீராங்கனைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் அதை விரும்பிச் செய்யவில்லை. அவர்களுக்குக் கிட்டாத ஓய்வு எனக்குக் கிட்டியிருக்கிறது. அதை வைராக்கியத்தின் பெயரால் வீணாக்குவது, அபிப்பிராய பேதங்களுக்கு இடமின்றிச் சொல்வேன், அசட்டுத்தனம்.

தைப்பூசத்தைப் பற்றியும் இவ்விடத்தில் கேட்பார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஊர்வலம் வந்து, 513 படிகளைக் காவடியோடு ஏறுகிறவர்கள் வலியைப் பார்க்கிறார்களா என்று என் மைத்துனரே கேட்டார். ஆனால் அவர்கள் காவடி எடுக்கிற ஒரு நாளைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் விரதம் இருந்து, ஒரு வேளை உண்டு, தரையில் படுத்துக் கழித்த நாட்களை யாரும் படம் பிடிப்பதில்லை. நேர்த்திக்கடனில் பெரும்பங்கு அந்த விரதம்தான் என்று, பல வருஷம் காவடி எடுத்த ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தக் கணக்கில் பார்த்தால், காயம்பட்டவனின் விரதம் படிக்கட்டு விளிம்பில் நடக்கிறது.

என் விரதம் முடிந்து மறுபடி ஓடத் தொடங்கியது அதே தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரப் பூங்காவில். கைவிடப்பட்ட ஒரு கருங்கல் சுரங்கத்தை 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் தோட்டமாக்கத் தொடங்கினார். இன்று அதன் சுற்றுப்பாதையில் விடியற்காலையில் நடக்கிற ஜனங்களைப் பார்த்தால், ஜார்ஜ் டவுனின் முதுமை முழுவதும் அங்கே திரண்டுவிட்டதாகத் தோன்றும். நாகலிங்க மரத்தடியில் மெதுவாகக் கைகளை வீசிப் பயிற்சி செய்கிற சீனப் பாட்டிமார், முழங்காலில் பட்டை கட்டிய பஞ்சாபிப் பெரியவர், பையில் பழம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் சோதிக்கிற குரங்குகள். இவர்களுக்கு நடுவே ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று தொடங்கினேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே என்பவர் பிரசித்தப்படுத்திய முறை இது. ஓட்டத்துக்கு இடையிடையே, களைத்துப் போவதற்கு முன்பே, வேண்டுமென்று நடப்பது. சாஸ்திரம் எளிது, வெட்கம்தான் கடினம். நேற்றுவரை நம்மைவிட மெதுவாகப் போனவர்கள் இன்று நம்மைத் தாண்டும்போது, ஒரு நிமிஷம் நின்று அவர்களிடம் என் காலின் சரித்திரத்தை விளக்கிச் சொன்னால் என்ன என்று தோன்றும். நடக்கிற முறை வந்தவுடன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ காரணத்தோடு நடக்கிறவன் போல் பாவனை செய்வேன். அந்தப் பாவனை விட்டுப்போன காலத்தில் குதிகாலும் பெரும்பாலும் தேறியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதை வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும்.

நடை குறைந்து ஓட்டம் மிகுந்தபோது சமதளம் தேடிக் கடற்கரைப் பக்கம், கர்பால் சிங் சாலைக்குப் போனேன். 1940-இல் இந்த ஊரில் பிறந்த வழக்கறிஞர் கர்பால் சிங், 2005-இல் ஒரு விபத்தில் உடம்பு செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அதற்குப் பிறகும் 2014-இல் மற்றொரு விபத்தில் இறக்கும்வரை நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாதாடிக்கொண்டிருந்தவர். அவர் பெயர் தாங்கிய பலகையின் கீழே நின்று குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும்போது, நம் கஷ்டத்தின் அளவு என்ன என்பது தானாகவே விளங்கும். அதை அதிகமாகச் சொல்வதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பாலத்து ஓட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். திரும்பவும் அந்தச் சாம வேளையில், அம்மா பெரட்டுக்கு எழும் நேரத்துக்கும் முந்தி, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றேன். கீழே கப்பல்கள் போவதற்காக நடுவில் 33 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிற பாலத்தின் ஏற்றத்தை, கார் ஓட்டுகிறவன் உணர்வதே இல்லை. ஓடுகிறவனுக்கு அது ஒரு மலை. அந்த ஏற்றத்தில் நடந்தேன். இறக்கத்திலும் நடந்தேன், ஏனெனில் இறக்கத்தில் உண்டாகும் வேகத்தை நம்ப எனக்கு மனம் இல்லை. அக்கரையில், பாலம் போய்ச் சேர்கிற இடத்தில்தான், செபராங் பிறையின் விளக்குகள் தெரிந்தன; நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்பேட்டை. காயத்துக்கு முன்பு எடுத்துக்கொண்டதைவிட அரை மணிக்கு மேல் கூடுதலாக எடுத்து, விதித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தேன். கழுத்தில் மாட்டிய பதக்கத்தைப் பார்த்த பேரன், “தாத்தா, ஜெயிச்சிட்டீங்களா?” என்றான். “நாளைக் காலையில்தான் தெரியும்” என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. மறுநாள் காலை முதல் அடியில் லேசான பிடிப்பு இருந்தது. அடுத்த நாள் இல்லை. சிகிச்சை அளித்த பெண்ணின் கணக்குப்படி அது தேர்ச்சி.

இனி, ஓட்டங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பந்தயத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பணம் வாங்கிப் பேர் பதிவு செய்கிறீர்கள். இடையில் காயம்பட்டவர், 21 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மாறிக்கொள்கிறேன் என்றோ, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்றோ கேட்டால், சட்டையும் பதக்கமும் எண்ணும் தயாராகிவிட்டன, மாற்ற விதி இல்லை என்று பல இடங்களில் பதில் வருகிறது. கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற ஒரே காரணத்துக்காக, ஓடக்கூடாத காலோடு இருட்டில் வந்து நிற்கிறவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் கடைசி வரிசையில் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் விடுப்பையும் யோசித்து எடுக்க வேண்டிய சம்பளக்காரர்கள். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்புவரை, கூடுதல் கட்டணமும் மருத்துவச் சான்றிதழும் கேட்காமல், தூரத்தைக் குறைத்துக்கொள்ளவும் ஓராண்டு தள்ளிவைக்கவும் இடம் கொடுங்கள். அந்தச் சலுகையைப் பதிவுப் படிவத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி, மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சிடுங்கள்.